ஜி-யிலிருந்து சி-க்குப் போகும் வழி

அக்கா பெண் கிட்டார் கிளாஸில் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், சாப்பாடு முடிந்ததும் என் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்து, "மாமா, ஏதாவது வாசிங்க" என்றாள். இதற்கு 32 வருடமாக என்னிடம் ஒரே பதில்தான். கல்யாண வீடு, ஆபீஸ் டூர், மொட்டைமாடி, எங்கே ஒரு கிட்டாரைக் கண்டாலும் ஊர் மொத்தமும் கேட்கும் அந்த ஒரு ராஜா பாட்டு இருக்கிறதே, அதை வாசித்தேன். அது முடிந்ததும் கையோடு கையாக ஜி, சி, டி என்று கார்டு கார்டாகப் (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல்பிடிதான் கார்டு) போகிற இன்னொரு பாட்டையும் வாசித்தேன். வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டு வரும். வரவில்லை. அவள் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஜி-லேர்ந்து சி-க்குப் போறப்ப ஏன் கைய மொத்தமா தூக்குறீங்க?"

"தூக்காம எப்படிடி போறது?"

கிட்டாரை வாங்கி அவள் ஜி பிடித்தாள். (கம்பிகளைக் கீழிருந்து எண்ண வேண்டும், மேலே இருக்கும் தடித்த கம்பி ஆறாவது. கழுத்தின் குறுக்கே அறைந்த உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட்.) ஆறாம் கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டில் மோதிர விரல், ஐந்தாம் கம்பியில் இரண்டாவது ஃபிரெட்டில் நடுவிரல், முதல் கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டில் சுண்டுவிரல். பிறகு மோதிர விரலும் நடுவிரலும் ஜோடியாக, அதே ஃபிரெட்டுகளில், ஒரு கம்பி கீழே இறங்கின. சும்மா நின்றுகொண்டிருந்த ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியின் முதல் ஃபிரெட்டில் உட்கார்ந்தது. சி வந்துவிட்டது. பத்தடி தாண்டுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்த வாய்க்காலை அவள் ஒரு எட்டில் கடந்துவிட்டாள்.

என்னுடைய ஜி வேறு. ஆறாம் கம்பியில் நடுவிரல், ஐந்தாம் கம்பியில் ஆள்காட்டி, முதல் கம்பியில் மோதிர விரல். இதிலிருந்து சி-க்குப் போக வேண்டுமானால் மூன்று விரலும் கம்பியை விட்டு எழுந்து, காற்றில் இடம் மாறி, வேறு வரிசையில் இறங்க வேண்டும். நான் அதைத்தான் 32 வருடமாகச் செய்திருக்கிறேன். வேகமாகச் செய்வேன். வேகமாகச் செய்ததால் சரியாகச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் போனை எதிரே நிறுத்தி வைத்து வாசித்துப் பதிவு செய்து கேட்டேன். ஒவ்வொரு முறை கார்டு மாறும்போதும், மாறுவதற்குச் சற்று முன்னால், சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. கை மேலே இருக்கும் நேரத்தில் திறந்த கம்பிகள் மட்டும் பாதி மூச்சில் ஒலிக்கும் ஒரு ஓட்டை. ஒருமுறை காதில் விழுந்தபின் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இந்த ஓட்டை இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் போனது என்றால், நான் வாசித்த இடங்கள் அப்படி. 1993-இல் பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்திய அங்கிளிடம் நாங்கள் நாலு பையன்கள் கற்றுக்கொள்ளப் போனோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டு வராந்தாவில் வகுப்பு. நாலு மாதத்தில் எங்களுக்கு ஆறு கார்டு வந்துவிட்டது, ஆறு கார்டு வந்தவனுக்கு வாத்தியார் எதற்கு? நின்றுவிட்டோம். அதன்பின் ஒரு மெல்லிசைக் குழு. ஆடி மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும் விழா, தெருவை அடைத்து மேடை, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். கீபோர்டு ஒரு பக்கம், ரிதம் பேடு ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம். அந்த இரைச்சலில் கிட்டார்காரன் ஜி-க்கும் சி-க்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வந்தாலும் யாருக்கும் தெரியாது. கிட்டார் கண்ணுக்கு இருந்தால் போதும். காதுக்கு கீபோர்டு இருந்தது.

எங்கள் தலைமுறையில் இந்த ஊரில் கிட்டார் தூக்கியவன் எல்லாருக்கும் ராஜா சாரின் கதை மனப்பாடம். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டது, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியது. பதக்கத்தைத்தான் நாங்கள் பேசினோம். அந்தத் தேர்வுக்கு வாசிக்கிற நோட்டேஷனில் சுரத்தின் பக்கத்திலேயே எந்த விரல் என்று ஒன்று முதல் நாலு வரை எண் போட்டிருப்பார்கள் என்பதோ, அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டு ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதோ எங்கள் பேச்சில் வந்ததே இல்லை.

சரி, மாற்றிக்கொள்வோம், ஜி கார்டுதானே, ஒரு வாரம் ஆகும் என்று நினைத்தேன். புதிதாகக் கற்பவனுக்கு ஒரு வாரம் போதும்தான். எனக்கு முதல் பத்து நாளில் நடந்தது என்னவென்றால், புது ஜி வரவில்லை, பழைய ஜி-யும் கெட்டுப்போனது. கை பாதி வழியில் நின்று எந்த விரல் என்று என்னைக் கேட்டது. அதுவரை அது என்னை எதுவுமே கேட்டதில்லை.

அமெரிக்க ஜாஸ் கிட்டாரிஸ்ட் பேட் மார்ட்டினோவின் கதை இந்தச் சமயத்தில் அடிக்கடி ஞாபகம் வந்தது. 1980-இல் மூளையில் அறுவை சிகிச்சை, நினைவு பெரும்பாலும் போய்விட்டது, கிட்டார் வாசித்ததும் போய்விட்டது. தான் முன்பு போட்ட ரெக்கார்டுகளைத் தானே கேட்டு, யாரோ ஒருவரிடம் பாடம் கேட்பதுபோல் கேட்டு, மறுபடி கற்று 1987-இல் மேடையில் வாசித்த கச்சேரியைப் பதிவாகவே வெளியிட்டார். அவருக்கு வந்த கஷ்டத்தின் பக்கத்தில் நிற்கக்கூட எனக்குத் தகுதி கிடையாது, இருந்தாலும் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்: அவர் மறந்ததைக் கற்றார். எனக்கு மறக்கவே வரவில்லை, அதுதான் தொல்லை.

ஒரு நாள் ஆபீஸுக்குப் போகும் பறக்கும் ரயிலில் இடது கையால் பேன்ட்டின் மேல் கார்டு மாற்றிக்கொண்டே போகும்போது (எதிர் சீட்டுக்காரர் வேறு ஏதோ நினைத்திருப்பார்) பள்ளிக்கூடத்துப் புணர்ச்சி விதி நினைவுக்கு வந்தது. நிலைமொழி, வருமொழி. 'மரம்' தனியாக நிற்கும்வரை ஒரு வம்பும் இல்லை. பக்கத்தில் 'கிளை' வந்தால் மகரம் போய் ககரம் வந்து 'மரக்கிளை', 'அடி' வந்தால் 'மரத்தடி'. வருகிற சொல் யார் என்று பார்த்துத்தான் நிற்கிற சொல் தன் வாலை மாற்றிக்கொள்கிறது. நான் 32 வருடமாக ஜி-யைத் தனிச் சொல்லாகவே வைத்திருந்தேன். அகராதியில் இருக்கும் சொல். படம் போட்ட கட்டம், அதில் மூன்று புள்ளி, அந்தப் புள்ளியில் விரல் இருந்தால் ஜி, முடிந்தது. அடுத்து யார் வருகிறார் என்று ஜி பிடிக்கும்போது நான் யோசித்ததே இல்லை.

அடுத்து வருவது சி என்றால் அக்கா பெண்ணின் ஜி. அடுத்து டி என்றால் அதுவும் வேண்டாம், நாலு விரல் ஜி இருக்கிறது: நடுவிரலும் ஆள்காட்டியும் என் பழைய இடத்திலேயே, மோதிர விரல் இரண்டாம் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில், சுண்டுவிரல் முதல் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில். டி-க்குப் போகும்போது அந்த மோதிர விரல் அசையவே வேண்டாம், டி-யிலும் அதற்கு அதே இடம்தான். அதை ஊன்றிக்கொண்டு மற்றவை சுற்றி வரலாம், திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் சுற்றுமே, அப்படி.

இது புரிந்தபின் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். தெரிந்த கார்டுகளையெல்லாம் ஜோடி ஜோடியாக எழுதி, இரண்டுக்கும் பொதுவாக எந்த விரல் இருக்கிறது, எது வழுக்கினால் போதும், எது மட்டும் எழுந்து போக வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்தேன். சி-யிலிருந்து ஏ மைனர்: ஆள்காட்டியும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம், மோதிர விரல் மட்டும் ஐந்தாம் கம்பியிலிருந்து மூன்றாம் கம்பிக்கு வந்தால் ஆயிற்று. இது எனக்கு முன்பே தெரியும், தெரிந்தும் மூன்று விரலையும் தூக்கித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். ஏ மைனரிலிருந்து ஈ மேஜர்: உருவம் அதேதான், மூன்று விரலும் ஒரு கம்பி மேலே.

இவற்றில் என்னைக் கட்டிப்போட்டது ஏ மேஜர். ஏ-க்கு மூன்று விரலும் இரண்டாவது ஃபிரெட்டில் அடுத்தடுத்த மூன்று கம்பியில் நெருக்கியடித்து உட்கார வேண்டும், ஷேர் ஆட்டோ மாதிரி. நான் ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று வரிசையாக உட்காரவைப்பேன், அதுதானே இயல்பு. இன்னொரு வழி இருக்கிறது. நாலாம் கம்பியில் நடுவிரல், மூன்றாம் கம்பியில் ஆள்காட்டி, இரண்டாம் கம்பியில் மோதிர விரல். பார்த்தால் கோணலாக இருக்கும், ஆள்காட்டிக்கு ஃபிரெட்டின் ஓரம் சரியாகக் கிடைக்காது, சற்றுப் பின்தங்கித்தான் நிற்கும். ஆனால் இங்கிருந்து டி-க்குப் போனால் ஆள்காட்டி அப்படியே இருக்கும், மோதிர விரல் அதே கம்பியில் ஒரு ஃபிரெட் முன்னே வழுக்கும், நடுவிரல் மட்டும் முதல் கம்பிக்கு நடக்கும். ஈ-க்குப் போனால் ஆள்காட்டி அதே மூன்றாம் கம்பியில் ஒரு ஃபிரெட் பின்னால் வழுக்கும். ஏ, டி, ஈ மூன்றையும் வைத்து முழுப் பாட்டு வாசித்தாலும் ஆள்காட்டி அந்த ஒரு கம்பியை விட்டு எழ வேண்டிய அவசியமே இல்லை. இந்த மூன்று கார்டிலேயே எத்தனை நூறு மேடை ஏறியிருப்பேன். அத்தனை மேடையிலும் அந்த விரல் வேண்டாத பயணம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

காலையில் ஐந்தரைக்கு எழுந்து அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம், நிமிடத்துக்கு 50 தட்டில். நாலு தட்டுக்கு ஒரு கார்டு, மாறு, நாலு தட்டு, மாறு. அந்த வேகத்தில் வாசிப்பது எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று வாசித்தவனுக்குத்தான் தெரியும். 120-இல் எல்லாம் ஒப்பேறிவிடும், 50-இல் ஒளிய இடம் கிடையாது. எந்த விரல் முதலில் வருகிறது, எது தாமதமாக வந்து உட்காருகிறது, எது வரும் வழியில் பக்கத்துக் கம்பியை உரசுகிறது, எல்லாம் தெரியும். என் சுண்டுவிரல் எந்த கார்டு வாசித்தாலும், அதற்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, காபி டம்ளர் பிடிக்கும் சில பேருக்கு நிற்குமே அதுபோல. போன் பதிவில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

அந்த நேரத்தில் கீழ்வீட்டு மாமி பாட ஆரம்பிப்பார். கச்சேரி செய்தவர், முப்பது நாற்பது வருடமாகப் பாட்டு சொல்லித்தருபவர். அவர் காலையில் பாடுவது கீர்த்தனை இல்லை. சரளி வரிசை. மாயாமாளவகௌளை, ஸரிகமபதநிஸ, முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம், அப்புறம் ஜண்டை வரிசை. வாரக்கணக்கில் அதே. ஒரு நாள் மாடிப்படியில் பார்த்தபோது கேட்டேன், "மாமி, இதெல்லாம் இன்னும் பாடணுமா?" என்று. "பல்லு தினம் தேய்க்கறேளோல்லியோ?" என்றார். கிட்டார்காரர்களான எங்களிடம் இந்தப் பழக்கமே கிடையாது. எங்களில் ஒருவன் ஜி-யிலிருந்து சி-க்கு மாறிப் பழகுகிறான் என்று தெரிந்தால் மற்றவர்கள் சிரிப்போம். தனியாக இருந்தால்கூட வேகமான சோலோவைத்தான் வாசித்துப் பார்ப்போம், பாதி சோலோ, அதுவும் தெரிந்த பாதி.

சுதி சேர்ப்பதிலும் ஒரு அடி வாங்கினேன். எனக்கு டியூனர் கருவி பிடிக்காது, காதால் சேர்ப்பேன் என்று பெருமை. ஐந்தாம் ஃபிரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கை அடுத்த கம்பியின் ஏழாம் ஃபிரெட் ஹார்மோனிக்கோடு பொருத்துவது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது வரும் அலை அடங்கி ஒன்றாகும் தருணம் கேட்க அழகாக இருக்கும், பார்ப்பவர்களுக்கும் 'ஆஹா, விவரமான ஆள்' என்று தோன்றும். அப்படிச் சேர்த்த கிட்டாரில் நான் ஜி வாசித்ததும் அக்கா பெண் முகம் சுளித்தாள். "புளிக்குது மாமா." அவளுடைய கிளிப் டியூனரை மாட்டினால் மூன்றாம் கம்பி இறங்கியிருந்தது, இரண்டாம் கம்பி ஏறியிருந்தது.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஹார்மோனிக் தருவது சுத்தமான இடைவெளி, 4-க்கு 3 என்ற விகிதம். கிட்டாரின் ஃபிரெட்டுகளோ ஒரு ஸ்தாயியை 12 சமபங்காக வெட்டி அடிக்கப்பட்டவை, அதில் எந்த இடைவெளியும் அவ்வளவு சுத்தம் இல்லை. அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கான அரைச்சுரத்தை 100 பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஒரு சென்ட் என்று பெயர். ஃபிரெட்டின் கணக்கில், ஆறிலிருந்து மூன்றாம் கம்பி வரை, அடுத்தடுத்த இரண்டு கம்பிக்கு நடுவே 500 சென்ட் இருக்க வேண்டும், ஹார்மோனிக் கணக்கில் 498. ஒரு கம்பிக்கு இரண்டு சென்ட் யார் காதுக்கும் தெரியாது. ஆனால் ஆறாம் கம்பியிலிருந்து ஆரம்பித்து மூன்றாம் கம்பிக்கு வருவதற்குள் இந்த இரண்டு சென்ட், மூன்று தடவை சேர்ந்து ஆறு ஆகிவிடும். இரண்டாம் கம்பியை ஆறாம் கம்பியின் ஏழாம் ஃபிரெட் ஹார்மோனிக்கிலிருந்து நேராக எடுப்பேன், அது இரண்டு சென்ட் ஏற்றம். ஒன்று ஆறு இறங்கி, மற்றது இரண்டு ஏறி, நடுவில் எட்டு சென்ட் வித்தியாசம். ஜி கார்டில் இந்த இரண்டு கம்பியும் திறந்தே ஒலிப்பவை, ஸட்ஜமும் அந்தர காந்தாரமும் அவைதான். காந்தாரம் அப்படித் தள்ளிப்போனால் புளிக்காமல் என்ன செய்யும். வீணையில் மெழுகின் மேல் மெட்டு வைக்கிறார்கள், காதுக்கு ஒவ்வாவிட்டால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் ஃபிரெட் மரத்தில் அறைந்தது, அதன் கணக்குக்கு நாம்தான் பணிந்துபோக வேண்டும். இப்போது டியூனர் வைத்துத்தான் சேர்க்கிறேன். பெருமை போனது, ஜி இனிக்கிறது.

அழுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். இதை யாரும் இன்றைக்கே செய்து பார்க்கலாம். ஒரு விரலைக் கம்பியின் மேல் சும்மா வைத்து மீட்டினால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால், முதலில் இரையும், அப்புறம் ஒரு இடத்தில் தெளிந்துவிடும். அவ்வளவு அழுத்தம்தான் தேவை. விரல் ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் இருந்தால் அந்த அளவும் இன்னும் குறையும். நான் அதைத் தாண்டி, கிட்டார் கழுத்தை நெரிப்பதுபோல் அழுத்திக்கொண்டிருந்தேன். அதிகமாக அழுத்தினால் கம்பி ஃபிரெட்டின் மேல் வளைந்து சுரமும் ஏறும், டியூனர் முள் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பழக்கத்துக்கு என் முதல் கிட்டார்தான் காரணம் என்று நினைக்கிறேன். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் எலி ஓடும். தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட் என்கிற பட்டையில் பள்ளம் சரியாக அறுக்காமல் கடையிலிருந்து வந்தது, அப்போது அது எங்களுக்கு எங்கே தெரியும், வலித்தால்தான் கிட்டார் என்று நம்பினோம். மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும், ஒரு மயிரிழைதான் இருக்க வேண்டும். இப்போது இருக்கும் கிட்டாரிலேயே அது அதிகமாகத்தான் இருந்தது. புரசைவாக்கத்தில் ஒரு ரிப்பேர் அண்ணன் கால் மணி நேரத்தில் அரத்தால் தேய்த்துக் கொடுத்தார். சும்மா விடாமல், "இத்தினி வருசமா இத்தோடயா மல்லுக்கட்டுன?" என்றும் கேட்டார்.

நம் ஊர்க் காற்று வேறு. கடல் ஈரம் ஏறினால் கிட்டாரின் மேல்பலகை உப்பும், பலகை உப்பினால் கம்பி உயரும். மழைக்காலத்தில் கை திடீரென்று கனத்துப்போனதாகத் தோன்றினால் வயசு என்று நினைக்க வேண்டாம், முதலில் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். கம்பியின் தடிமனையும் 12-லிருந்து 11-க்கு மாற்றிவிட்டேன். சத்தம் கொஞ்சம் மெலிந்தது, பரவாயில்லை.

எஃப் கார்டைப் பற்றிச் சொல்லவே வெட்கம். பார் கார்டு. ஆள்காட்டியை முதல் ஃபிரெட்டில் ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைக்க வேண்டும். நான் அதைத் தவிர்த்து, கட்டைவிரலைக் கழுத்தின் மேல் வழியாகக் கொண்டுவந்து ஆறாம் கம்பியை அமுக்கிச் சமாளித்துவிடுவேன். அமெரிக்க ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் அப்படித்தான் என்பேன். ஹென்ட்ரிக்ஸின் கை நீளம் எங்கே, என் கை எங்கே. கட்டைவிரல் அடிமூட்டு வலிக்க ஆரம்பித்ததும்தான் ஒழுங்காகக் கற்க உட்கார்ந்தேன். கற்றதில் உருப்படியானது ஒன்று: ஆள்காட்டி ஆறு கம்பியையும் அழுத்த வேண்டியதில்லை. ஐந்து, நாலு, மூன்றாம் கம்பிகளை மற்ற மூன்று விரல்கள் எப்படியும் முன்னால் அழுத்திக்கொண்டிருக்கின்றன. ஆள்காட்டிக்குப் பொறுப்பு ஆறாம் கம்பியும், கீழே இருக்கும் இரண்டு கம்பியும் மட்டும்தான். நடுவில் அது தொங்கினால்கூடக் கேட்பார் இல்லை. விரலின் சதைப்பக்கத்தை வைக்காமல் சற்றுத் திருப்பி எலும்புப்பக்கத்தை வைத்து, கட்டைவிரலால் கிள்ளுவதற்குப் பதில் முழங்கையின் கனத்தால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் போதும். 32 வருடம் பயந்த கார்டு, பத்து நாள் வேலை.

நடுவில் பரணைச் சுத்தம் செய்யும்போது பெரம்பூர் நோட்டு கிடைத்தது. நாற்பது பக்கம் கோடு போடாத நோட்டு, அட்டை போய்விட்டது. அங்கிள் ஸ்கேல் வைத்துப் போட்டுக் கொடுத்த கார்டு கட்டங்கள். அதில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் பென்சிலால் பொடிசாக ஒரு எண். ஜி-யின் மூன்று புள்ளிக்குள் 3, 2, 4. மோதிரம், நடு, சுண்டு. பதினைந்து வயதில் நான் அந்த எண்களை என்னவென்று நினைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை, எந்த ஃபிரெட் என்று நினைத்தேனோ என்னவோ, ஆனால் 4 என்ற எண் மூன்றாவது ஃபிரெட்டில் இருக்கிறதே என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். ஏ கட்டத்தில் 2, 1, 3. அதன் கீழே அவர் கையெழுத்தில் ஒரு அம்புக்குறி போட்டு டி. எல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது. அங்கிள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது.

மூன்றாம் மாதம் பழைய மெல்லிசைக் குழுவில் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம், நங்கநல்லூரில். நாங்கள் எல்லாரும் வாசிப்பதாக ஏற்பாடு. வீட்டில் புது விரல்கள் நன்றாகப் பழகியிருந்தன, தைரியமாகப் போனேன். முதல் இரண்டு பாட்டு சரியாகத்தான் போனது. மூன்றாவதில் பாடகி சுதியை மாற்றச் சொல்லி, சுதி ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போவைக் கழற்றி மாட்டிய பரபரப்பில், கை பழைய ஜி-யைப் பிடித்துவிட்டது. மூளை புது ஜி என்று நினைத்துக்கொண்டு சி-க்கு இரண்டு விரலை இறக்கியது. பிறந்தது எந்த இசையிலும் இல்லாத ஒரு கார்டு. ஆட்டோவில் ரிவர்ஸ் போட்ட மாதிரி ஒரு சத்தம். மணமக்கள் சிரித்தார்கள், கீபோர்டுக்காரன் சத்தத்தை ஏற்றி என்னைக் காப்பாற்றினான், 1997-இல் காப்பாற்றியது மாதிரியே. அன்று மீதிப் பாட்டுகளைப் பழைய விரலிலேயே வாசித்து முடித்தேன். மறுநாள் காலை மெட்ரோனோமை மறுபடி 50-இல் வைத்தேன்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. பதிவு செய்து கேட்டால் அந்தப் பள்ளம் பெரும்பாலும் இல்லை. பதற்றம் வந்தால் பழைய கை வருகிறது, அதை நான் துரத்துவதில்லை. பி மைனரிலிருந்து எஃப் ஷார்ப் மைனருக்கு மாறுவது இன்னும் உதைக்கிறது. சுண்டுவிரல் டம்ளர் பிடிப்பதை விட்டபாடில்லை.

போன ஞாயிறு அக்கா பெண் வந்திருந்தாள். கிரேடு தேர்வுக்கு ஒரு சின்னத் துண்டு பழகிக்கொண்டிருக்கிறாள். நான் பேப்பர் படித்துக்கொண்டு பாதிக் காதில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் ஜி வந்தது, நிமிர்ந்து பார்த்தால் அவள் விரல்கள் நடு, ஆள்காட்டி, மோதிரம் என்று உட்கார்ந்திருந்தன.

"ஏய், அது என் ஜி ஆச்சே. தப்புன்னு சொன்னியே?"

"தப்புன்னு எப்ப சொன்னேன்? ஏன் கைய தூக்குறீங்கன்னுதான கேட்டேன்." வாசிப்பதை நிறுத்தவில்லை. "இந்த எடத்துல ஜி-யப் புடிச்சுக்கிட்டே முதல் கம்பில அஞ்சாவது ஃபிரெட் தொடணும் மாமா. சுண்டுவிரல் சும்மா இருக்கணும்ல, அதுக்குத்தான்."

தொட்டாள். எட்டியும் எட்டாமலும் இருந்தது, சுரம் கொஞ்சம் இரைந்தது. மறுபடி தொட்டாள்.